முகம் தெரியாதவருக்குக் கொடுக்க மனம் ஏன் முந்துவதில்லை?

கோவைக் கணக்கர் கேட்கிறார்:

வணக்கம். கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வீட்டுக் கடன் சென்ற ஆண்டோடு அடைந்துவிட்டது; மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள்; மாதச் செலவு போக ஓரளவு மிஞ்சவும் செய்கிறது. ஆகவே பணம் இல்லாத குறையைப் பற்றி நான் எழுதவில்லை. பணம் இருந்தும் கை நீள மறுப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் என் சிக்கல் விளங்கும். ஆலையின் இரவுக் காவலாளி, தம் மனைவியின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் போதவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் 15,000 ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டேன், மறுநாளே கொடுத்தும்விட்டேன், திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் இரு கைகளையும் கூப்பியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை இரவு மலேரியாவைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்தக் காய்ச்சலால் உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். அங்கே இறந்தவர்களிலும் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பூச்சிமருந்து தோய்த்த ஒரு கொசுவலையின் விலையோ சுமார் 2 டாலர், நம் பணத்தில் 200 ரூபாய்க்குள். ஒரு வலைக்குள் இருவர் படுக்கலாம், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உழைக்கும். காவலாளிக்குக் கொடுத்த தொகைக்கு எழுபத்தைந்து வலைகள் என்று கணக்குப் போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நன்கொடைப் பக்கத்தைத் திறந்து தொகையைத் தட்டச்சு செய்து, அட்டை எண்ணைக் கேட்கும் இடம் வரை போனேன். அங்கே சற்று நேரம் நின்றுவிட்டு, அந்தப் பக்கத்தை மூடி, மிக்ஸிக்கு விலை பார்க்கப் போய்விட்டேன். கொடுக்கக் கூடாது என்று எந்த மறுப்பும் என் மனத்தில் எழவில்லை. ஆர்வம் தானாக வடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தூரம் ஒரு காரணமே ஆகாது என்று தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கர் வாதிட்டதை நான் படித்திருக்கிறேன். கிழக்கு வங்கத்து அகதிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த நிலையை முன்வைத்து 1972இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குவதைக் கண்டவன் தன் துணி சேறாகுமே என்று யோசித்து நிற்கலாமா என்று கேட்கிறார். அங்கே நிற்கக் கூடாதென்றால், கண்காணாத தேசத்துக் குழந்தைக்காகவும் நாம் யோசித்து நிற்கக் கூடாது என்கிறார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அறிவு எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டது. கைதான் இன்னும் போடவில்லை.

கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வி அல்ல; கொடுக்கும் மனத்தை எப்படி வரவழைப்பது என்பதே கேள்வி. எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களைப் பார்த்து மனத்தை உருக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் முதல் அப்படிப்பட்ட படம் வந்தாலே விரலால் தள்ளிவிடப் பழகிவிட்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காவலாளியின் கும்பிடு எனக்கு இனித்தது. அதுதான் எனக்குக் கூலியோ, அது கிடைக்காத இடத்தில் நான் கொடுக்கவே மாட்டேனோ என்ற ஐயம் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

விருதுநகர் வணிகர்:

ஐயா, மனத்தை வரவழைப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மனத்தை நம்பி எதையும் நடத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு நான்கு தலைமுறையாகப் பருப்பும் வற்றலும்தான் தொழில். மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக்காரியத்துக்காக மகமை எடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு இலாபமா நட்டமா, வியாபாரி சிரித்த முகமாக இருந்தாரா சிடுசிடுத்தாரா என்பதெல்லாம் அங்கே எழாத கேள்விகள். சரக்கு தராசில் ஏறி இறங்கினால் மகமையும் பேரேட்டில் ஏறிவிடும். வீட்டுப் பெண்களுக்கு அதேபோல் பிடியரிசி. 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, பின்னாளில் காமராசர் படித்த அந்தப் பள்ளிக்கூடம், வீடு வீடாகத் திரட்டிய பிடியரிசியைக் கொண்டு நடந்தது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி.

என் அப்பத்தா உலைக்கு அரிசி களைவதற்கு முன், ஒரு பிடி அள்ளி அடுப்பங்கரை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவதைச் சிறு வயதில் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கு அரிசி வாங்குவது எப்போதோ நின்றுபோயிருந்தும், கோயில் அன்னதானத்துக்கு என்று சொல்லி அவர் எடுப்பதை நிறுத்தவில்லை. எடுக்கும்போது அவர் முகத்தில் உருக்கமும் இருக்காது, பெருமையும் இருக்காது. பெரும்பாலும் என் தாயாரை ஏதாவது வைதுகொண்டேதான் எடுப்பார். விருந்தாளி வந்து அரிசி இழுபறியாக இருந்த நாளிலும் கலயத்தில் ஒரு பிடி விழுந்தது. அந்த ஒரு பிடியால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு குறைந்ததாக நினைவில்லை. களைவதற்கு முன்னால் எடுப்பதில்தான் சூட்சுமம் இருந்தது என்பது எனக்கு இப்போது புரிகிறது. உலையில் போட்ட அரிசியைத் திரும்ப எடுக்க எவராலும் முடியாது.

நீங்கள் கொதிக்கும் உலைக்குள் கையை விடப் பார்க்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு, பள்ளிக் கட்டணமும் காப்பீட்டுத் தவணையும் கண்முன் வந்து நிற்கும் நேரத்தில், கொடுக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தால் மிக்ஸிதான் வெல்லும். என் வீட்டிலும் மிக்ஸிதான் வெல்லும். வருமானத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று வீட்டாரோடு உட்கார்ந்து ஒருமுறை முடிவு செய்யுங்கள். இசுலாமியர்கள் ஜகாத்தாகச் சேமிப்பில் இரண்டரை விழுக்காடு கணக்கிடுகிறார்கள். ஆக்ஸ்போர்டில் 2009இல் தொடங்கிய ஓர் இயக்கம் வருமானத்தில் பத்தில் ஒன்று என்று உறுதிமொழி வாங்குகிறது. உங்களுக்கு ஒன்று என்றால் ஒன்றே போதும். சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகை தனியான ஒரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போய்விடும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். அதுவே உங்கள் கலயம். அதில் இருப்பது உங்கள் பணம் அல்ல என்று ஆகிவிட்ட பிறகு, யாருக்கு அனுப்புவது என்பது ஒன்றுதான் மீதியிருக்கும் வேலை. அதற்கு உருக்கம் தேவைப்படாது. கணக்கர் ஒருவருக்கு இருக்க வேண்டிய சிரத்தை இருந்தால் ஆயிற்று.

உளவியல் மாணவி:

வணிகர் ஐயா சொன்ன வழியை நான் ஏற்கிறேன். ஆயினும் மகமையும் பிடியரிசியும் பெரும்பாலும் தம் ஊருக்குள், தம் உறவின்முறைக்குள் சுற்றி வந்த செல்வம் அல்லவா? கொடுத்தவர் மகன் படித்த பள்ளிக்கே அந்த அரிசி போனது. கேள்வி கேட்டவர் தடுக்கி விழுந்த இடம் அதற்கு அப்பால் இருக்கிறது.

கணக்கர் ஐயா, 5,97,000 என்ற எண் உங்களை அசைக்கவில்லை என்பதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அது மனித மனத்தின் பொதுவான ஊனம். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆகிய மூவர் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வை எங்கள் வகுப்பில் படித்தோம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஒரு கேள்வித்தாளை நிரப்பியதற்குக் கூலியாக ஐந்து ஒற்றை டாலர் நோட்டுகளைக் கொடுத்து, கூடவே நன்கொடை வேண்டுகோள் ஒன்றையும் நீட்டினார்கள். ஒரு பகுதியினர் படித்தது மாலி நாட்டைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதை, படத்துடன். இன்னொரு பகுதியினர் படித்தது ஆப்பிரிக்க நாடுகளில் எத்தனை இலட்சம் பேர் பசித்திருக்கிறார்கள் என்ற விவரம். சிறுமிக்கு வந்த சராசரித் தொகை 2.38 டாலர், புள்ளிவிவரத்துக்கு வந்தது 1.14 டாலர். இதைவிட வியப்பானது, சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நடந்தது. இரண்டும் சேர்ந்தால் கூடுதலாக வரும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? வந்தது 1.43 டாலர். எண் வந்து அமர்ந்ததும் சிறுமியின் முகம் மங்கிவிட்டது. வேண்டுகோளைப் படிப்பதற்கு முன் சில கணக்குகளைப் போடச் சொன்னபோதும் சிறுமிக்குக் கிடைத்தது குறைந்தது. நாள் முழுவதும் கணக்கிலேயே புழங்கும் உங்களுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எண்ணுக்கும் முகத்துக்கும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள் என்பேன். எந்தத் திட்டம் குறைந்த செலவில் அதிக உயிர்களைக் காக்கிறது என்பதை எண்ணைக் கொண்டே முடிவு செய்யுங்கள். அங்கே முகத்தை நம்பினால் அழகான குழந்தையின் படத்தைப் போட்டவருக்கே எல்லாப் பணமும் போகும். முடிவு செய்த பிறகு எண்ணை மூடிவைத்துவிடுங்கள். பரிதாபப் படங்களையும் மூடிவைத்துவிடுங்கள். அவை உங்களைச் சுட்டன, சுட்டதால் விலகினீர்கள். அந்த ஊரின் சாதாரண நாள் ஒன்றைத் தேடிப் படியுங்கள்: அங்கே குழந்தைகள் எத்தனை மணிக்கு உறங்கப் போகின்றன, இரவு உணவு என்ன, வலையை யார் கட்டிவிடுவார்கள், காலையில் யார் சுருட்டி வைப்பார்கள். காவலாளியின் மேல் உங்களுக்கு இருந்த பரிவு ஒரு நொடியில் வந்ததன்று. பல ஆண்டுகள் அவருடைய சோற்றுத் தூக்கைப் பார்த்துப் பார்த்து வந்தது.

உள்ளூர்க்காரன்:

இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நம் அரசு மருத்துவமனைகளின் வாசலில் போய்ப் பாருங்கள்; வெளியூரிலிருந்து வந்த நோயாளிகளின் உறவினர்கள் நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். அவர்களைக் கொசு கடிக்கவில்லையா? மனம் இயல்பாக ஓடுகிற பக்கம் கொடுப்பதை விட்டுவிட்டு, ஓட மறுக்கிற பக்கம் அதை அடித்து ஓட்டுவது எதற்கு? சென்ற ஆண்டு ஒரு தொண்டு நிறுவனத்தார் தொலைபேசியில் மூன்று முறை அழைத்துக் கெஞ்சி என்னிடம் 2,000 ரூபாய் வாங்கினார்கள். இன்றுவரை ரசீது வரவில்லை, அழைத்தால் எடுப்பாரும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கொடுத்தால் கணக்காவது கேட்கலாம்.

நாகை ஆசிரியை:

தம்பி, கணக்குக் கேட்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர் சொன்னதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கேட்காமல் கொடுப்பது பாதிச் சோம்பல். ஆண்டறிக்கையும் தணிக்கை அறிக்கையும் வெளியிடாத இடத்துக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம், நான் வாங்கிய பக்கத்தில் நின்றவள்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் அப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்துக்குள் லாரிகள் வரத் தொடங்கின. பழைய துணிகள் மலைமலையாக வந்து இறங்கின. கடற்கரை வெயிலில் கம்பளிச் சட்டைகளும் கிழிந்த கால்சட்டைகளும் சாலையோரத்தில் குவிந்து, மழையில் நனைந்து நாறின. எங்கள் மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. எல்லாம் இழந்தவர்களுக்கு எதுவும் போதும் என்று நினைத்து அலமாரியை ஒழித்தவர்களின் துணிகள் அவை என்பது தொட்டவுடனே தெரிந்தது. அந்த நாள்களில்தான் எங்கள் பள்ளிக்கு ஓர் அட்டைப் பெட்டி வந்தது. பிரித்தால் நாற்பது ஜியாமெட்ரி பாக்ஸ்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இருந்த பென்சில் சீவப்பட்டிருந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாள் நனைந்து கரைந்துபோய், அனுப்பிய ஊரின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மீந்திருந்தன, அதுவும் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. யாரோ ஒருவர் நாற்பது பென்சில்களை உட்கார்ந்து சீவியிருக்கிறார். எங்கள் பிள்ளைகளிடம் பென்சில் சீவ எதுவும் இருக்காது என்பது அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்கு நாங்கள் கும்பிடு போடவில்லை. போட முகவரி இல்லை.

அவர் ஊரிலும் ஒரு மருத்துவமனை வாசல் இருந்திருக்கும், அங்கேயும் நடைபாதையில் யாராவது படுத்திருப்பார்கள் என்பதை உள்ளூர்க்காரர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வரலாறு கற்பித்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் நம் பாட்டன் பூட்டன்களே உலகத்துக்குத் தூரத்து அந்நியர்களாக இருந்தார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் சிறிது காசும் போதும் என்று ஆங்கில அரசு கூலியைக் குறைத்தது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், அரசு ஊழியராக இருந்தும், அது உயிர் தரிக்கப் போதாது என்று வாதாடினார். 1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் இலண்டனுக்குத் தந்தி அடிக்க, அந்நகர மேயர் நிதி திரட்டத் தொடங்கினார். லங்காஷயர் ஆலை நகரங்களிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும்கூடப் பணம் வந்து, தொகை ஆறு லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி குடியானவர்கள் விதையும் மாடும் வாங்கவும், கூரை வேயவும் கையில் கொடுக்கப்பட்டது. இலட்சக்கணக்கில் மக்கள் செத்த பஞ்சத்துக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்டால், போதவில்லைதான். பேரரசின் தவறுகளை அந்தப் பணம் கழுவிவிடவும் இல்லை. ஆனால் சேலத்தையோ பெல்லாரியையோ வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஓர் ஆலைத் தொழிலாளி தன் வாரக் கூலியிலிருந்து கொஞ்சம் எடுத்தபோது, அவனுக்கு நம் முகம் தெரிந்திருக்கவில்லை.

கும்பிடு இனித்தது என்று எழுதியிருந்தீர்கள். மறுமையில் பலன் வரும் என்று கணக்குப் பார்த்து அறம் செய்பவனுக்கு ‘அறவிலை வணிகன்’ என்று புறநானூற்றில் முடமோசியார் பெயர் வைத்தார். வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்று பாடுவதற்காக வைத்த பெயர் அது. வணிகர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. காவலாளியின் கும்பிட்டை நீங்கள் கேட்டு வாங்கவில்லை, அவர் தந்தார். அதில் கூச ஒன்றும் இல்லை. அது வர வழியே இல்லாத இடத்துக்கும் ஒருமுறை கொடுத்துப் பார்த்தால் உங்கள் ஐயத்துக்கு நீங்களே விடை சொல்லிக்கொள்ளலாம்.

வவுனியா வாசகர்:

நுளம்பு வலையைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 1999ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 2,50,000க்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக நானும் ஒருவன். நடுக்கம் தொடங்கினால் அம்மாவின் சேலைகளையும் சாக்கையும் மேலே போட்டு, அதன்மேல் அண்ணன் படுத்துக்கொண்டாலும் நிற்காது. குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

போர்நிறுத்தக் காலத்தில் எங்கள் கிராமத்துக்கு மருந்தூட்டிய வலைகள் வந்தன. எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றுக்குமாக 2002இல் தொடங்கிய உலக நிதியத்தின் பணம் அதில் இருந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். பொதியைப் பிரித்ததும் ஒரு நெடி அடித்தது. நிழலில் ஒரு நாள் காயவிட்ட பிறகே கட்ட வேண்டும் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கூரை வளையில் கட்டியபோது நான்கு மூலைக் கயிறுகளில் ஒன்று எட்டவில்லை. அப்பா மாட்டுக் கயிற்றிலிருந்து ஓர் இழையைப் பிரித்தெடுத்து முடிந்துவிட்டார். நானும் தங்கையும் அதற்குள் படுத்தோம். எங்கள் ஊரில் சிலர் வலையைக் கோழிக்கூட்டுக்கும் கத்தரிப் பாத்திக்கும் கட்டினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொடுத்தவர்கள் அதைப் பார்த்திருந்தால் மனம் நொந்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் வலை பாயின் மேல்தான் இருந்தது.

கேள்வி கேட்ட அண்ணனுக்குச் சொல்ல வந்தது வேறு. 1934-35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பின்னர் டி.டி.டி. என்ற பூச்சிமருந்துத் தெளிப்பால் நோய் ஒடுங்கி, 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளிகள்தான் என்ற நிலை வந்தது. ஒழிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்; தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. இரண்டாம் முறை அந்தத் தவறைச் செய்யவில்லை. நோயாளிகள் நூறாகவும் பத்தாகவும் குறைந்த பிறகும் வலையும் இரத்தப் பரிசோதனையும் தொடர்ந்தன. 2012 அக்டோபரோடு உள்நாட்டில் பரவி வந்த மலேரியா நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்தக் கடைசி ஆண்டுகளில் மலேரியாவுக்காக யார் நெஞ்சும் உருகியிருக்காது. செய்தித்தாளில் படமும் வந்திருக்காது. அப்போதும் யாரோ பணம் தந்துகொண்டிருந்தார்கள். ஆகவே விருதுநகர் ஐயாவின் கலயத்துக்கே என் வாக்கு.

கோவைக் கணக்கர்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல் இரண்டு சம்பளம் வரும்வரை காத்திருந்தேன்.

மனைவியிடம் பேசினேன். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கலயத்தில் பாதி இந்த ஊருக்கு. உள்ளூர்க்காரர் மகிழ்வார் என்று நினைக்கிறேன். சம்பளத்தில் நூற்றுக்கு நான்கு என்று முடிவாயிற்று. மாதத்தின் இரண்டாம் தேதி அது தனிக் கணக்குக்குப் போய்விடுகிறது. கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு குறிப்பு: வெளிநாட்டில் பதிவான அமைப்புக்கு நேரடியாக அனுப்பும் பணத்துக்கு நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு கிடைக்காது, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு உள்நாட்டு நன்கொடைக்கும் அந்தக் கழிவு இல்லை. ஆகவே வரியை மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசையை நான் முதலிலேயே அடித்துவிட்டேன். கொசுவலை கொடுக்கும் அமைப்பின் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளையும் படித்தேன். அலுவலகத்தில் படிப்பவற்றைவிட அவை ஒழுங்காக இருந்தன.

சென்ற வாரம் முதல் முறையாக 4,000 ரூபாய் அனுப்பினேன். வலையின் விலையை மட்டும் கணக்கிட்டால் இருபது வலைகள், நாற்பது பேர். அட்டை எண்ணைப் பதிந்தபோது எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. மின்கட்டணம் கட்டியதுபோல்தான் இருந்தது. சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இரவு சாப்பிடும்போது மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். வலையை எதில் கட்டுவார்கள் என்று கேட்டாள். வவுனியா நண்பர் எழுதியதை, கூரை வளையையும் எட்டாத கயிற்றையும் மாட்டுக் கயிற்று இழையையும் சொன்னேன். அவள் தட்டில் கோடு கிழித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘எல்லா வீட்டிலும் மாட்டுக் கயிறு இருக்குமாப்பா?’ என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு வெகு நேரம் அந்த இருபது வீடுகளின் கூரையையும் கயிற்றையும் பற்றி நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.